சிங்கப்பூரில் வீட்டுக் கடன்: மூன்றாம் ஆண்டு வட்டியை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் வீடு வாங்கக் கிளம்பும் நம்மவர்கள் முதலில் பார்ப்பது வீட்டைத்தான். ஞாயிறு மதியம் செங்காங்கில் இரண்டு, மாலையில் ஈசூனில் ஒன்று. வாசல் எந்தத் திசை, எம்ஆர்டிக்கு எவ்வளவு நடை, பக்கத்தில் எந்தத் தொடக்கப்பள்ளி என்று எல்லாவற்றையும் அலசி, வீடு பிடித்துப்போன பிறகுதான் கடன் நினைவுக்கு வரும். அப்போது நேரம் இருக்காது. சொத்து முகவர் ஒரு வங்கி ஊழியரின் எண்ணைத் தருவார், அவர் வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணையை அனுப்புவார், அதில் எது சின்ன எண்ணோ அதற்குக் கையெழுத்து விழுந்துவிடும்.

அந்த வரிசையை மாற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்காக இது. ஏற்கெனவே கடன் கட்டி வருபவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

கழகத்திடமா, வங்கியிடமா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்றால் கடனுக்கு இரண்டு வாசல். கழகமே கடன் தரும், வங்கிகளும் தரும். தனியார் கொண்டோவுக்கும் எக்சிகியூட்டிவ் கொண்டோவுக்கும் வங்கி மட்டுமே.

கழகக் கடனின் வட்டி 2.6 விழுக்காடு. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்குக்குத் தரப்படும் 2.5 விழுக்காட்டோடு 0.1 சேர்த்து வருவது இது. காலாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு நடந்தாலும் 1999 முதல் இந்த எண் அசையவில்லை. கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது.

ஆனால் இந்த வாசல் எல்லாருக்கும் திறக்காது. விண்ணப்பிப்பவர்களில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். குடும்பத்தின் மாத வருமானம் 14,000 வெள்ளிக்குள், தனியாக வாங்குபவர் என்றால் 7,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவருமே நிரந்தரவாசிகள் என்றால் வங்கிதான் வழி. நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு: கடந்த 30 மாதங்களில் தனியார் வீடு எதுவும் பெயரில் இருந்திருக்கக் கூடாது, விற்றிருக்கவும் கூடாது. வெளிநாட்டில் உள்ள வீடும் இதில் அடக்கம். ஊரில் அப்பா பெயரிலிருந்து உங்களுக்கு வந்த பங்கு இருந்தால் அதை மறைக்காமல் தெரிவித்துவிடுங்கள். “அது சும்மா கிராமத்து வீடுதானே” என்பது படிவத்தில் எடுபடாது.

தகுதி உள்ளவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி: “அண்ணே, வங்கியில 1.6, 1.7ன்னு சொல்றாங்க. கழகத்துல 2.6. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

யோசிக்க இருக்கிறது. 2022 இறுதியில் இதே வங்கிகளின் நிலையான வட்டித் திட்டங்கள் 4 விழுக்காட்டைத் தாண்டின. கழகக் கடன் அப்போதும் 2.6 தான். 2025 பிற்பகுதியில் வங்கி வட்டி 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதால் இப்போது வங்கிப் பக்கம் பளபளக்கிறது. இன்னொரு வேறுபாடு, கழகக் கடனிலிருந்து வங்கிக்கு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், வங்கிக்குப் போய்விட்டால் அந்த வீட்டுக்குக் கழகக் கடன் திரும்பக் கிடைக்காது. ஒற்றைச் சம்பளக் குடும்பம், கையிருப்பு குறைவு, வட்டிச் செய்திகளைக் கவனித்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை என்றால், அந்த ஒரு விழுக்காட்டை நிம்மதிக்கான விலையாகக் கருதிக் கழகத்திடமே வாங்குவது தவறில்லை என்பது என் கருத்து. இருவர் சம்பளம், ஓராண்டுத் தவணைக்காவது சேமிப்பு இருப்பவர்கள் வங்கியை நாடலாம்.

எவ்வளவு கடன் கிடைக்கும்?

இதை முடிவு செய்பவை மூன்று கணக்குகள். மூன்றில் எது குறைவான தொகையைக் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்கு.

முதலாவது, வீட்டு விலையில் எத்தனை விழுக்காடு. கழகக் கடனோ முதல் வங்கிக் கடனோ, உச்சவரம்பு இப்போது 75 விழுக்காடு. கழகக் கடனுக்கு முன்பு இது இன்னும் தாராளமாக இருந்தது, 2024 ஆகஸ்ட்டில்தான் 80இலிருந்து 75 ஆனது. எனவே பழைய ஆட்கள் சொல்லும் “பத்து விழுக்காடு கையில் இருந்தால் போதும்” கதையை மறந்துவிடுங்கள். வங்கிக் கடனில் வயதும் சேர்கிறது. கடன் காலம் உங்கள் 65 வயதைத் தாண்டினாலோ, கழக வீட்டுக்கு 25 ஆண்டையும் தனியார் வீட்டுக்கு 30 ஆண்டையும் தாண்டினாலோ 75 என்பது 55 ஆகச் சுருங்கும். 45 வயதுக்காரர் முழு 75 விழுக்காடு வேண்டுமென்றால் 20 ஆண்டில் கட்டி முடிக்க வேண்டும்.

இரண்டாவது, மொத்தக் கடன் விகிதம். கார், கடன் அட்டை, கல்விக் கடன், புது வீட்டின் தவணை எல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டை மீறக் கூடாது. ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனும் இதில் சேரும். போனஸ், கமிஷன் போன்ற நிலையற்ற வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, கழக வீட்டுக்கும் கட்டுமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் எக்சிகியூட்டிவ் கொண்டோவுக்கும் மட்டும் உரியது. வீட்டுத் தவணை தனியாகவே வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வங்கி உங்களிடம் 1.8 விழுக்காடு வசூலிக்கப் போகிறது என்றாலும், தகுதியைக் கணக்கிடும்போது குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இது நாணய ஆணையம் 2022 செப்டம்பர் இறுதியில் கொண்டுவந்த விதி. கழகம் தன் கடனுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிடுகிறது.

குடும்பத்தின் மாத வருமானம் 7,000 வெள்ளி, வேறு கடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 30 விழுக்காடு என்றால் 2,100 வெள்ளி. 25 ஆண்டுக் கடனுக்கு அந்தத் தவணை, கழகத்தின் கணக்கில் சுமார் 442,000 வெள்ளிக் கடனைத் தாங்கும். வங்கியின் கணக்கில் சுமார் 397,000தான். வட்டி குறைவாக இருக்கும் இடத்தில் கடன் தொகையும் குறைகிறது என்பதை எதிர்பார்க்காமல் போய், கடைசி நேரத்தில் 45,000 வெள்ளிக்கு அலைபவர்கள் உண்டு.

கையில் எவ்வளவு வேண்டும்?

600,000 வெள்ளி மறுவிற்பனை வீடு என்றால் முன்பணம் 150,000. கழகக் கடனில் இது முழுவதும் சேமநிதியிலிருந்தே போகலாம். வங்கிக் கடனில் 5 விழுக்காடு, அதாவது 30,000 வெள்ளி, கட்டாயம் ரொக்கம். விற்பவர் மதிப்பீட்டுக்கு மேல் கேட்டால் அந்த மிகைத்தொகையும் ரொக்கம்தான், சேமநிதியையோ கடனையோ தொட முடியாது.

வாங்குபவர் முத்திரை வரி இந்த விலைக்கு 12,600 வெள்ளி: முதல் 180,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 180,000க்கு 2, மீதி 240,000க்கு 3. நிரந்தரவாசிகள் முதல் வீட்டுக்கே கூடுதல் முத்திரை வரி 5 விழுக்காடு கட்ட வேண்டும். இந்த விலைக்கு இன்னொரு 30,000 வெள்ளி. தம்பதியரில் ஒருவர் குடிமகனாக இருந்து, இதுவே இருவருக்கும் ஒரே வீடு என்றால் விலக்கு உண்டு. இவற்றுக்கு மேல் வழக்கறிஞர் கட்டணம், முகவர் கமிஷன், புதுப்பிப்புச் செலவு.

வரிசை முக்கியம். கழக வீடு என்றால் முதலில் கழகத்தின் இணையத்தளத்தில் எச்எஃப்இ கடிதத்துக்கு விண்ணப்பியுங்கள். வீடு வாங்கும் தகுதி, மானியம், கழகக் கடன் தொகை மூன்றையும் அதுவே சொல்லிவிடும். ஒன்பது மாதம் செல்லுபடியாகும். அது இல்லாமல் மறுவிற்பனை வீட்டுக்கு விற்பவரிடம் விருப்புரிமைப் பத்திரம், அதாவது வீட்டை உங்களுக்கே விற்க ஒப்புக்கொள்ளும் பத்திரம், வாங்க முடியாது. வங்கிக் கடன் என்றால் வங்கியின் கொள்கையளவு ஒப்புதலையும் இப்போதே வாங்குங்கள். தனியார் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். அங்கே விருப்புரிமைக் கட்டணமே வழக்கமாக விலையில் 1 விழுக்காடு, கடன் கிடைக்காமல் பின்வாங்கினால் அது போனதுதான்.

வட்டி எப்படி நகர்கிறது?

மற்ற நாடுகளில் மத்திய வங்கி வட்டியை அறிவிப்பதுபோல இங்கே யாரும் அறிவிப்பதில்லை. இந்தியாவில் ரெப்போ விகிதத்தைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படி ஒன்றைத் தேடிக் குழம்புவார்கள். சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டியை அல்ல, வெள்ளியின் நாணய மாற்று மதிப்பை நிர்வகிக்கிறது. அதனால் உள்ளூர் வட்டி பெரிதும் அமெரிக்க வட்டியின் பின்னாலேயே ஓடும். 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலை வரை அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 5.25–5.50 விழுக்காடு என்ற நிலைக்கு ஏற்றியபோது பொங்கோலில் இருப்பவரின் தவணையும் கூடியது அதனால்தான்.

இப்போதைய அளவுகோலின் பெயர் சோரா. வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் வெள்ளிக் கடன்களின் சராசரி வட்டி. நாணய ஆணையம் ஒவ்வொரு வேலை நாளும் வெளியிடுகிறது. வீட்டுக் கடனில் பெரும்பாலும் மூன்று மாதக் கூட்டுச் சோரா பயன்படும். கடந்த மூன்று மாதங்களின் கணக்கு என்பதால் சந்தை வட்டி இறங்கினாலும் உங்கள் தவணைக்கு அது வந்து சேரச் சில மாதங்கள் ஆகும், ஏறும்போதும் அப்படியே. பழைய கடன்களில் இருந்த சைபோர் என்ற அளவுகோல் 2024 இறுதியோடு முடிந்துவிட்டது.

வங்கித் திட்டங்கள் பல பெயரில் வந்தாலும் அடிப்படையில் இரண்டு வகை. சோராவோடு வங்கியின் பங்கு ஒன்றைச் சேர்த்து மாறிக்கொண்டே இருப்பது ஒன்று. ‘ஃபிக்ஸட்’ என்பது மற்றது. இந்த ஃபிக்ஸட் கடன் முழுக்க நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டு, சிலவற்றில் மூன்று. அதன்பின் மாறும் வட்டிதான்.

அட்டவணை கைக்கு வந்ததும் கடைசி வரியைப் பாருங்கள். மாதிரிக்கு: முதல் ஆண்டு சோராவோடு 0.30, இரண்டாம் ஆண்டும் 0.30, மூன்றாம் ஆண்டிலிருந்து கடன் முடியும்வரை 1.00. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது முதல் வரி, 25 ஆண்டில் 23 ஆண்டு உங்களோடு இருக்கப்போவது மூன்றாம் வரி. 450,000 வெள்ளியில் தொடங்கிய கடனுக்கு அந்த 0.70 வேறுபாடு மூன்றாம் ஆண்டில் மட்டும் மூவாயிரம் வெள்ளியை ஒட்டி வரும். வங்கி ஏமாற்றுகிறது என்று சொல்லவில்லை, எல்லாம் எழுதித்தான் தருகிறார்கள். மூன்றாம் ஆண்டு வந்தும் எதுவும் செய்யாமல் இருப்பவர்களிடமிருந்துதான் முதல் இரண்டு ஆண்டுச் சலுகையை வங்கி திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே வங்கிக் கடன் வாங்குகிறவர் இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி உட்கார்ந்து பார்க்கச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

450,000 வெள்ளி, 25 ஆண்டு. 1.8 விழுக்காட்டில் மாதத் தவணை சுமார் 1,864 வெள்ளி. 2.6 விழுக்காட்டில் சுமார் 2,040. 4 விழுக்காட்டில் சுமார் 2,375. முதலுக்கும் கடைசிக்கும் இடையே மாதம் சுமார் 510 வெள்ளி. மளிகை, குழந்தையின் துணைப்பாட வகுப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக இந்த 510 உங்கள் வீட்டில் எங்கிருந்து வரும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். பதில் வராவிட்டால் ஃபிக்ஸட் எடுங்கள், அல்லது விலை குறைந்த வீட்டைப் பாருங்கள். வட்டி ஏறும்போது இந்தியாவில் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்து ஆண்டுகளைக் கூட்டிவிடும். இங்கே ஆண்டுகள் மாறாது, தவணைதான் ஏறும். உங்கள் கடனின் வட்டி திருத்தப்பட்டதும் கணக்கிலிருந்து கூடுதலாகப் பணம் போகும்.

கடன் கடிதத்தில் தேட வேண்டியவை

வங்கி கட்டாயம் தர வேண்டிய தகவல் தாள் ஒன்று இருக்கிறது. வட்டி ஏறினால் தவணை எவ்வளவு ஆகும் என்று உங்கள் கடனுக்கே கணக்கிட்டுக் காட்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

லாக்-இன் காலம் எத்தனை ஆண்டு, அதற்குள் கடனை அடைத்தாலோ வேறு வங்கிக்குப் போனாலோ அபராதம் எவ்வளவு என்று பாருங்கள். வழக்கமாக நிலுவையில் 1.5 விழுக்காடு. வீட்டை விற்றாலும் அபராதம் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள், சில வங்கிகள் விற்பனைக்கு விலக்கு தரும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு வங்கி மானியம் தந்தால், பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் வெளியேறுபவரிடம் அதைத் திரும்பக் கேட்பார்கள். லாக்-இன் இரண்டு ஆண்டு, மானியத் திருப்பம் மூன்று ஆண்டு என்று இரண்டும் வேறாக இருப்பது சகஜம். கட்டுமானத்தில் உள்ள வீடு என்றால், இன்னும் எடுக்காத கடனை ரத்து செய்யும் கட்டணமும் பாருங்கள்.

சேமநிதியில் கட்டினால்

தவணையைச் சேமநிதியிலிருந்து கட்டினால் சம்பளம் கையில் நிற்கும், இனிமையாக இருக்கும். ஆனால் எடுத்த பணத்துக்கு, அது அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியும் சேர்ந்து பெருகிக்கொண்டே போகும். வீட்டை விற்கும்போது அசலும் அந்த வட்டியும் உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திரும்பும். 100,000 வெள்ளி எடுத்து 20 ஆண்டு கழித்து விற்றால், திரும்ப வேண்டியது ஏறத்தாழ 163,900. பணம் உங்களுடையதுதான், எங்கும் போய்விடாது. விற்ற கையோடு ரொக்கம் எதிர்பார்த்தவர்களுக்குத்தான் அதிர்ச்சி.

வங்கி வட்டி 2.5க்குக் கீழே இருக்கும்போது சேமநிதிப் பணத்தைக் கொட்டிக் கடனை அடைப்பதில் லாபமில்லை, அங்கே கிடைக்கும் வட்டியே அதிகம். வேலை போனால் சில மாதத் தவணைக்கு அதுதான் கைகொடுக்கும். கழகக் கடன் வாங்குபவரும் சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளி வரை விட்டுவைத்துக்கொள்ளலாம். நான் அந்த 20,000ஐத் தொடவே வேண்டாம் என்பேன்.

கடனை மாற்றுவது

அதே வங்கியில் வேறு திட்டத்துக்கு மாறுவது ரீப்ரைசிங். வழக்கறிஞர் தேவையில்லை, சில நூறு வெள்ளிக் கட்டணம், சில திட்டங்களில் ஒருமுறை இலவசம். வேறு வங்கிக்குப் போவது ரீஃபைனான்சிங். வழக்கறிஞர், வீட்டு மதிப்பீடு எல்லாம் புதிதாக நடக்கும், பழைய வங்கிக்கு வழக்கமாக மூன்று மாத அறிவிப்பும் தர வேண்டும். எனவே லாக்-இன் முடிய நான்கு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். முதலில் வேறு இரண்டு வங்கிகளில் விலை கேளுங்கள், பிறகு அதைச் சொல்லி உங்கள் வங்கியில் கேளுங்கள். விட்டுப் போகத் தயாராக இருப்பவருக்கு நல்ல விகிதம் வரும்.

நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் இந்த மாற்றத்துக்கு 55 விழுக்காட்டு வரம்பு பொருந்தாது. ஆனாலும் வங்கி உங்கள் வருமானத்தைத் தன் வழியில் பார்க்கும். வேலை மாறப் போகிறவர்கள் கடன் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுப்பது நல்லது.

லாபக் கணக்கைப் பலரும் குறைத்துப் போடுகிறார்கள். நிலுவை 400,000 வெள்ளி, மீதி 20 ஆண்டு, வட்டி 3 விழுக்காடு: தவணை சுமார் 2,218 வெள்ளி. 1.9க்கு மாறினால் சுமார் 2,005. “மாதம் 213 வெள்ளிதானே” என்று தோன்றும். உள்ளே பாருங்கள். 3 விழுக்காட்டில் முதல் மாத வட்டி 1,000 வெள்ளி, அசலுக்கு 1,218. 1.9இல் வட்டி 633, அசலுக்கு 1,371. உண்மையில் மிச்சமாகும் வட்டி 367 வெள்ளி. அதில் 213 உங்கள் கைக்கு வருகிறது, மீதி அசலைக் கூடுதலாகக் கரைக்கிறது. எனவே செலவை ஒப்பிட வேண்டியது 367ஓடு. வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டுக்கும் 2,500 வெள்ளி போனால்கூட ஏழு மாதத்தில் திரும்பிவிடும். லாக்-இன் முடியாமல் 1.5 விழுக்காடு அபராதம், அதாவது 6,000 வெள்ளி, சேர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் புதுத் திட்டத்தின் சலுகைக் காலமே முடிந்துவிடும், பொறுத்திருப்பதே மேல்.

மாறும்போது தவணை குறையட்டும் என்று ஆண்டுகளை நீட்டிவிடாதீர்கள். தவணையைப் பழைய 2,218 வெள்ளியிலேயே வைத்து ஆண்டுகளைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன கடனே, வட்டி 1.9இல் நிலைத்தால், 20 ஆண்டுக்குப் பதில் 17 ஆண்டு 9 மாதத்தில் முடியும். ஒருமுறை குறைத்த காலத்தைப் பிறகு நீட்டக் கேட்டால் வங்கி மறுபடி வருமானச் சான்று கேட்கும். வருமானம் ஏற்ற இறக்கமாக உள்ளவர்கள் காலத்தை அப்படியே விட்டுவிட்டு, மிச்சமாகும் 213ஐத் தனிக் கணக்கில் சேர்த்து, லாக்-இன் முடியும் மாதத்தில் மொத்தமாக அசலில் கட்டிவிடலாம்.